பதினொரு சிவப்புத் துணிகள்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் புதிய ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்கத்தா பவானிபூரில் மருந்துக்கடைக்கு மேலே, ஏறும்போது இரண்டு இடத்தில் தலையைக் குனிய வேண்டிய மாடிப்படியோடு இருந்த ஆபீஸ், இப்போது நியூ டவுனில் பதினான்காவது மாடிக்குப் போய்விட்டது. என் வீடு இருக்கும் லேக் கார்டன்ஸிலிருந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. புதிதாகச் சேர்ந்திருக்கும் பயணத் தலைவர்களிடம் என் அனுபவத்தைப் பேச வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு காப்பியும் பத்துப் பேர் காதும் கிடைத்தால் போதாதா, கிளம்பிவிட்டேன்.

அங்கே நிவேதா என்று ஒரு பெண். மதுரையிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறதாம். தமிழ்க்காரர் ஒருத்தர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கம்பெனிக்காக அவள் செய்த ஒரு செயலியைப் போனில் காட்டினாள். மலைநாட்டு வரைபடம், அதன்மேல் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பயணி.

"இனிமே யாரும் தலையை எண்ணவே வேணாம் அங்கிள். ஆள் எங்க நின்னாலும் புள்ளி காட்டிடும்."

யாராவது போனைப் பாறைமேல் வைத்துவிட்டு நடந்து போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். இந்தக் காலத்தில் போனை விட்டுவிட்டு யார் போவார்கள் என்று சிரித்தாள். அப்புறம், நீங்கள் எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டாள். கண்ணால்தான் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது. கண்ணால் எண்ணினது நிஜம்தான். எதை எண்ணினேன் என்பதுதான் விஷயம். நேரில் சொல்ல வாய் வராததை எழுதியாவது விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வேலை என்ன என்று சொன்னால் ஊரில் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் முழுசாக நம்புவதில்லை. துர்கா பூஜை விடுமுறை வந்தால் கல்கத்தாவே தெருவில் நிற்கும். ஊர் முழுக்கப் பந்தல், விளக்கு, டாக் மேளச் சத்தம். அந்த நேரம் பார்த்து நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போவோம். டாக்டர், வக்கீல், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எல்லாருக்கும் கேமரா பைத்தியம். மலை, ஏரி, தரிசு, மேகம் இவற்றைப் படமெடுக்கப் பத்து நாள். விலை கொடுத்துக் குளிரை வாங்குகிறவர்கள் என்று என் மைத்துனன் கேலி செய்வான். அவன் சொல்வதிலும் தப்பில்லை.

நான் பிறந்தது இங்கேதான். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். பி.காம். முடித்துவிட்டு ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் ஏழு வருஷம் பாஸ்போர்ட் படம் கழுவினேன். அங்கே தன் படங்களைக் கழுவக் கொடுக்க வருவார் தபன்-தா. அண்ணன் என்பதை வங்காளிகள் 'தா' என்று பெயரோடு ஒட்டிவிடுவார்கள். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். அவர் கொண்டுவந்த ஏரிப் படம் ஒன்றை நான் கழுவித் தரும்போது, ஓரத்தில் கொஞ்சம் இருட்டு கூட விட்டிருந்தேன். ஏன் என்று கேட்டார். மழை வரப்போகிற மாதிரி இருந்தது என்றேன். அடுத்த வாரம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வங்காளிகள் வாயில் நான் சங்கரன் இல்லை, ஷொங்கர்.

தபன்-தா குட்டையான மனிதர். கழுத்துவரை இழுத்துவிட்ட பழுப்பு நிற மங்க்கி தொப்பி, கையில் எப்போதும் இஞ்சி டீ நிரம்பிய ஒரு ஃபிளாஸ்க். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிடிக்காதது நடந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து நம் தப்பின் அளவை நாமே தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல படத்தைக் காட்டினாலும் பாராட்ட மாட்டார். "ஹோபே" என்பார். ஆகும், வரும் என்று அர்த்தம். எடுத்து முடித்த படத்துக்கு எதற்காக இனிமேல் வரும் என்கிறார் என்பது முதல் இரண்டு வருஷம் எனக்கு விளங்கவே இல்லை.

அவருடைய முதல் விதி, எந்த இடத்துக்குப் போனாலும் முதல் இருபது நிமிஷம் யாரும் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. சும்மா நிற்க வேண்டும். என் முதல் பயணத்தில் ஸ்கை தீவில் ஒரு மலையடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கியதும், மேகத்தின் ஓட்டை வழியாக வெயில் ஒரு கற்றையாக இறங்கிக்கொண்டிருந்தது. போய்விடுமே என்கிற பதற்றத்தில் கேமராவைத் தூக்கினேன். தபன்-தா பார்த்துவிட்டார். நேராக வந்து என் லென்சுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஃபிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றி, மெதுவாகக் குடித்துக்கொண்டு, இருபது நிமிஷம் அப்படியே நின்றார். வெயில் போய்விட்டது. அவர் நகர்ந்தபோது மலை முழுக்க நீல நிறமாகி, அதன் மடிப்புகளில் வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. இதை யார் எடுப்பார்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அந்த இருபது நிமிஷங்களைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எடுத்த படங்கள் ஏதோ ஒரு டிஸ்கில் கிடக்கின்றன, திறந்து பார்ப்பதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால், கீழே ஆட்டோக்காரர்கள் சண்டை போடும் சத்தத்துக்கு நடுவிலேயே அந்தத் தரிசு வந்துவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பழுப்புப் புல். புல்லுக்கு நடுவே கறுப்புக் கண்ணாடியாகச் சிறு சிறு குளங்கள். மேகத்தின் நிழல் ஒரு குளத்தை அணைத்துவிட்டு அடுத்த குளத்துக்குப் போகும். எங்கோ கலைமான் அடித்தொண்டையில் கத்தும். யாரும் பேச மாட்டார்கள். நாம் இருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று என் மனைவி வந்து காலைத் தட்டிப் பார்ப்பாள்.

ஒருமுறை அஷ்டமி காலையில் அப்படி ஓர் ஏரிக்கரையில் இருந்தோம். ஒரு டாக்டருக்கு, துர்க்கைக்குப் பூப்போட்டுச் செய்யும் அஞ்சலி தவறுகிறதே என்று மனசு கேட்கவில்லை. தபன்-தாவுக்கு மந்திரம் முழுக்க மனப்பாடம். ஆளுக்கு ஒரு பிடி வாடின ஊதாப் பூவைப் பறித்துக்கொண்டு, மங்க்கி தொப்பியோடு வரிசையாகக் கிழக்கே பார்த்து நின்று சொன்னோம். பூவை எங்கே போடுவது என்று தெரியாமல் தண்ணீரில் போட்டோம். அவை கரையை விட்டுப் போகவே இல்லை. அங்கேயே ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டி ஓட்டுநர் யூவன், வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற ஸ்காட்லாந்துக்காரர், தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பேன். எண்ணின கதைக்கு வருகிறேன்.

இருபது நிமிஷம் முடிந்ததும் ட்ரைபாட்களை விரிப்பார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இடத்தைத் தேடி நூறடி, இருநூறடி விலகிப் போய்விடுவார்கள். மூடுபனி எப்போது இறங்கும் என்று அந்த நாட்டில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் தபன்-தா ஒரு யோசனை செய்திருந்தார். வங்காளிகள் குளிக்கவும் துடைக்கவும் வைத்திருக்கும் சிவப்புக் கம்சாத் துண்டை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒவ்வொரு ட்ரைபாடின் தலையிலும் கட்டிவிடுவோம். எந்தப் பனியிலும் அந்தச் சிவப்பு கொஞ்சமாவது தெரியும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நான் எல்லாரையும் எண்ண வேண்டும். ஒரு நீள நோட்டில் மணி, ஆள் எண்ணிக்கை, என் கையெழுத்து. அதுதான் என் வேலையின் முதுகெலும்பு.

ஆரம்பத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் முகத்தைப் பார்த்துத்தான் எண்ணினேன். அதில் ஒரு சங்கடம் வந்தது. அந்தத் தரிசு முழுக்க அடியில் ஊறின கரிமண். மெத்தை மாதிரி அமுங்கும். பத்தடி தள்ளி ஒருவன் நடந்தாலும் ட்ரைபாட் நடுங்கும். அவர்களோ அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று லென்சைத் திறந்துவைத்துக் காத்திருப்பவர்கள். நான் எண்ணப் போய் நல்ல படங்கள் கலங்கின. ஷொங்கர் வருகிறான், பூகம்பம் வருகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்புக்குள் எரிச்சல் இருக்கும். அதனால் நான் மெல்ல மெல்ல ஒரு மேட்டின்மேல் நின்றுகொண்டு தூரத்திலிருந்தே எண்ணப் பழகினேன். முதலில் ஆளையும் துணியையும் சேர்த்துப் பார்த்தேன். பிறகு துணியை மட்டும். படமெடுக்கிறவன் கேமராவை விட்டு எங்கே போவான்? அதைவிட அவனுக்கு வேறு கை கால் உண்டா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது வருஷம் ஓர் ஆள் குறைந்ததில்லை. நோட்டைப் புரட்டினால் என் கையெழுத்து வரிசையாக, ஒரு பிசிறும் இல்லாமல் நிற்கும். அதில் எனக்குப் பெருமை. தலைக்கனம் என்றே எழுதலாம்.

பத்தாவது வருஷப் பயணத்தில் வசந்தா அக்கா வந்தார். லேக் கார்டன்ஸில் எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தவர். வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்து, கல்யாணம் வேண்டாம் என்று இருந்து, ஓய்வு பெற்ற கையோடு கேமரா வாங்கினவர். வயது அறுபத்தாறு. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு. கிளம்புவதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் எல்லாருக்கும் பயிற்சி நடக்கும். முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர்தான். நான் சொல்வதை ஒரு சின்ன டைரியில் குறித்துக்கொள்வார். பத்து வங்காளிகளுக்கு நடுவில் தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். மற்றவர்கள் அவரை வசந்தா-தி என்பார்கள். நான் அக்கா என்பேன்.

ஐந்தாம் நாள் ரானக் தரிசுக்குப் போனோம். காலை எட்டேகாலுக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருபது நிமிஷம் நின்றோம். ட்ரைபாட்களை விரித்தார்கள். ஒன்பது மணிக்கு நான் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டு போனேன். அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே வைத்து ஆவியை வாங்கிக்கொண்டார். இந்தப் புல்லின் நிறத்துக்கு என்ன பெயர் சொல்வது என்று கேட்டார். தெரியவில்லை அக்கா என்றேன்.

அதற்குப் பிறகு பனி இறங்கியது. ஒரேயடியாக இறங்கவில்லை. வந்தது, விலகியது, மறுபடி வந்தது. மேட்டின்மேல் நின்று நான் ஒன்பதேகாலுக்கு எண்ணினேன். பதினொன்று. ஒன்பதரைக்குப் பதினொன்று. அதன் பிறகு ஒவ்வொரு கால் மணிக்கும் பதினொன்று. அன்றைய காட்சி அப்படி இருந்தது. எல்லாம் வெள்ளை, அதற்குள் மங்கலாகப் பதினொரு சிவப்புக் கீற்றுகள். பக்கத்திலே தபன்-தா தன் கேமராவோடு சிலையாக நின்றார். ஒரு காலை முழுக்க அப்படியே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. பத்தரைக்கு எண்ணி, நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

பத்தே முக்காலுக்குப் பனி கெட்டியாகிவிட்டது. போதும், வண்டிக்குப் போகலாம் என்றார் தபன்-தா. விசில் ஊதினேன். ஒவ்வொருவராக ட்ரைபாடை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பத்துப் பேர் வந்தார்கள். பதினொன்றாவது ட்ரைபாட் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அருகில் போய்ப் பார்த்தேன். கேமராமேல் தூறல் படக்கூடாது என்று தன் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்தியிருந்தார் அக்கா. காலடியில் அவர் பை. பைக்குள் சர்க்கரை மாத்திரையும் பிஸ்கட்டும். அக்கா இல்லை.

கூப்பிட்டோம். பதில் இல்லை. தபன்-தா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அவரைக் கடைசியாக எப்போது பார்த்தாய்?

"பத்தரைக்கு. எண்ணினேன், பதினொண்ணு இருந்தது" என்று வங்காளத்தில் சொன்னேன்.

அந்தப் பதில் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. பொய் சொல்கிறோம் என்று அந்த நொடியில் தோன்றவில்லை. எண்ணினேன், பதினொன்று இருந்தது, நோட்டு இருக்கிறது. தபன்-தா இயற்பியல்காரர், மனசுக்குள் கணக்குப் போட்டார். பதினைந்து நிமிஷம். முழங்கால் வலிக்காரர். பனியில் வேகமாக நடக்க முடியாது. அப்படியானால் கூப்பிடு தூரத்தில்தான் எங்கோ விழுந்து கிடக்கிறார். யூவனைப் போன் சமிக்ஞை கிடைக்கிற இடத்துக்கு வண்டியில் அனுப்பினார், மலை மீட்புக்காரர்களைக் கூப்பிட. நாங்கள் வரிசையாகக் கை கோத்துக்கொண்டு அந்த ட்ரைபாடைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒவ்வொரு குளத்தின் ஓரத்திலும் குனிந்து பார்த்தோம். கலைமான் கத்தும்போதெல்லாம் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவோம். நான் அக்கா, அக்கா என்று தமிழில் கத்திக்கொண்டே இருந்தேன்.

சுற்றச் சுற்ற எனக்கு அந்தக் கோட்டு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கோட்டைத் தூக்கிப் பார்த்தபோது கேமரா காய்ந்திருந்தது. தூறல் ஆரம்பித்தது ஒன்பதரைக்கு முன்னால். அதற்குப் பிறகு அந்தக் கோட்டுப் பக்கம் யாரும் அசைந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. பனிக்குள் கோட்டுப் போட்டு நின்றது ட்ரைபாட்தான், அக்கா இல்லை. இது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை. இதோ, அடுத்த மேட்டுக்குப் பின்னால் கிடைத்துவிடுவார், கிடைத்துவிட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். ஒரு மணி நேரம் அப்படி வேண்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் மீட்புக்காரர்கள் வந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், நாலு பேர், ஒரு நாய். தலைவி உயரமான ஒரு பெண்மணி. வரைபடத்தை வண்டியின் முன்பக்கத்தில் விரித்தார். அதன்மேல் கண்ணாடித்தாள் உறை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று அவரும் அதே கேள்வியைக் கேட்டார். தபன்-தா எனக்காகப் பதில் சொன்னார், பத்தரைக்கு என்று. தலைவி மெழுகுப் பென்சிலை எடுத்து, ட்ரைபாட் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சின்ன வட்டம். என் கட்டைவிரலால் மறைத்துவிடலாம். அதற்கு வெளியே அந்தத் தரிசு முழுக்க வெறுமையாக, யாரும் தேடப்போகாத இடமாகக் கிடந்தது.

அந்த வட்டத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைப் போட்டது அந்த அம்மாளின் கை, ஆனால் வட்டம் என்னுடையது. சுற்றிப் பத்துப் பயணிகள், தபன்-தா, யூவன், எல்லாரும் நிற்கிறார்கள். ஒன்பது வருஷத்துக் கையெழுத்து நிற்கிறது.

"நான் ட்ரைபாடைத்தான் பார்த்தேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "அவரைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தது ஒன்பது மணிக்கு."

அந்த அம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தார், கோபமாகக்கூட இல்லை. கட்டைவிரலால் வட்டத்தை அழித்தார். கிட்டத்தட்ட உறையின் ஓரம்வரை வருகிற மாதிரி இன்னொரு வட்டம் போட்டார். நாயை மேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். தபன்-தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஒன்றரை மணிக்கு நாய் குரைத்தது. மேட்டுக்கு அப்பால் ஒரு மைலுக்கு மேலே, நாங்கள் தேடின திசைக்கு நேர் எதிரே, ஒரு பாறையின் மறைவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அக்கா. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேச்சு குழறியது. என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. அவசரத்துக்கு ஒதுங்க மறைவான இடம் தேடிப் போயிருக்கிறார். பத்து ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். யாரிடம் சொல்லிவிட்டுப் போவார்? எங்கள் விதிகள் எல்லாவற்றையும் எழுதினவர்கள் ஆண்கள். அப்படி ஒரு தேவை ஒரு பெண்ணுக்கு வரும் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. திரும்பும்போது பனி மூடிவிட்டது. வண்டி இருக்கிற பக்கம் என்று நினைத்து அரை மணி நேரம் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறார், வழி தப்பியது தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்பதரைக்கு நான் முகங்களை எண்ணியிருந்தால் ஒரு குரலுக்கு வந்திருப்பார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு தபன்-தா வண்டியின் படியில் உட்கார்ந்து நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். அவர் அன்றைய பக்கத்தைத் திறந்து, பத்தரைக்கு நேரே இருந்த என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"ஷோனோ, ஷொங்கர்" என்றார். கேள் என்று அர்த்தம். "நீ துணியைத்தான் எண்றேன்னு எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். தரை ஆடாம இருந்தது. எனக்கும் அது வசதியா இருந்தது."

அதற்குமேல் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சாகும்வரை பேசவில்லை. திட்டியிருந்தால் நான் எங்கேயாவது கொண்டுபோய்த் தீர்த்திருப்பேன். இது தீரவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு கால் மணிக்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் திரும்பின பிறகுதான் எண்ணினேன். ஒதுங்க வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும், யார் கூடப் போக வேண்டும் என்று எழுதிவைத்தோம். பயணத்துக்கு ஒரு பெண்ணாவது கம்பெனி சார்பில் வந்தாள். தரை ஆடியது, படங்கள் கலங்கின, சிலர் அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போனார்கள். ஒருமுறை ஒரு வக்கீல் என்னை நேருக்கு நேர் நின்று திட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நாலு என்று எண்ணிவிட்டு அடுத்தவரிடம் போனேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரியை.

மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு தபன்-தா வடக்கே போய்விட்டார். அக்காவோடு நான் அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இரண்டாம் நாள் காலையில் அவருக்கு நிறம் திரும்பியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி, அதன்மேல் வெயில். அங்கே மாவுப்பசை மாதிரி ஓட்ஸ் கஞ்சி கொடுத்தார்கள். ரசம் கிடைக்குமா என்று நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள் என்று என்னைச் சீண்டினார். சிரித்தேன். அப்புறம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களாலதான் சங்கர் நான் பொழைச்சேன்" என்றார்.

நாய்தான் அக்கா, அந்த நாய்தான் என்றேன்.

"அது இல்லே. நம்மூர் லேக்ல, பயிற்சியில நீங்க சொன்னீங்களே, வழி தெரியலேன்னா நகராதீங்க, கால் மணிக்கு ஒரு தடவ எண்ணிண்டே இருப்போம்னு. டைரில எழுதி வச்சிருந்தேன். எனக்குப் பயமே வரலே. வாட்சைப் பாத்துப்பேன். கால் மணி ஆச்சா, இப்ப சங்கர் எண்றார், நான் இல்லேன்னு தெரிஞ்சிருக்கும், கெளம்பிட்டார்னு நெனச்சுப்பேன். அப்புறம் அடுத்த கால் மணி. அப்படியே உக்காந்திருந்தேன்."

தபன்-தாவிடம் சொல்லியாயிற்று. மீட்புக்காரர்களிடம், பயணிகள் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாம். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பிடித்திருந்த கையை நான் எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்தால் சொல்ல முடியாது என்று பட்டது. முழுசாகச் சொன்னேன். மேட்டின்மேல் நின்றது, துணியை எண்ணினது, பத்தரை என்று சொன்னது, அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நடந்தது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையை விடவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

"நல்லவேளை, அங்க உக்காந்திருக்கறச்சே இது எனக்குத் தெரியலே" என்றார். "தெரிஞ்சிருந்தா எழுந்து நடந்திருப்பேன்."